சுவர் வியர்த்தால் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள், ஜன்னலைத் திறங்கள்!

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, வகுப்பில் நான் திட்டாததா?

போன வாரம் குன்னூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய ஓட்டு வீடு. தங்கையின் மாமியார் படுக்கும் அறையில், பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. கம்பளியெல்லாம் பூசண வாடை. 84 வயதில் அந்த அம்மா இரவெல்லாம் இருமுகிறார்.

"ஓடு ஒழுகுது மாமா. வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிக்க நாற்பதாயிரம் கேட்கிறாங்க" என்றான் மருமகன்.

அண்ணாந்து பார்த்தேன். இரண்டு வென்டிலேட்டரையும் செங்கல் வைத்து, சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். கேட்டால், "குளிர் வருது மாமா."

அப்படியானால் வென்டிலேட்டர் வைத்துக் கட்டியவர் முட்டாளா?

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்க்கும். வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். டம்ளர் ஒழுகுகிறது என்று யாராவது பரீட்சையில் எழுதினீர்களா? சுவருக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் படியும். ஜன்னல் கண்ணாடி, வெளிச்சுவர், காற்றே போகாத பீரோ முதுகு.

அவ்வளவு நீராவி ஏது என்கிறீர்களா? மூச்சு, சோறு வடிக்கும் ஆவி, வெந்நீர்க் குளியல், மழை நாளில் ஹாலில் காயும் துணி. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது இருபது லிட்டருக்கு மேல்! அடைத்து வைத்தால் அதைச் சுவர்தான் குடிக்க வேண்டும்.

ஈரம் அறைக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு நாற்பதாயிரத்துக்கு பெயின்ட் அடித்தால், அந்த பெயின்ட் மேலேயே பூஞ்சை பூக்கும்.

நம்பாதவர்கள் சோதித்துப் பாருங்கள். ஈரச் சுவரில் ஓரிடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஒரு அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து தாளின் மேல் நீர் கோர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவரில் கோளாறு. அப்போது மேஸ்திரியைக் கூப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை.

"வெளியிலும் மழைதானே சார்?" என்பீர்கள். நல்ல கேள்வி. வெளிக்காற்று குளிர்ந்தது, அதில் நீராவி குறைவு. உள்ளே வந்து சூடானதும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மூடுபனி கவிந்த நாளில் பலன் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சமையல் ஆவியாவது வெளியேறுமே! கொசு வந்தால் வலை அடியுங்கள். குளிர் என்றால் காலையும் மாலையும் கால் மணி நேரம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து மூடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பூஞ்சையை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடைத்த அறையில் கரி அடுப்பை வைத்துத் தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்கியவர் எழுந்திருக்கவே மாட்டார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் குளியலறை வென்டிலேட்டரைச் செய்தித்தாள் வைத்து அடைத்தவன் நானேதான். உத்தரம் கறுத்த பிறகுதான் புத்தி வந்தது.

நேற்று மருமகன் போன் செய்தான். ஒரு வென்டிலேட்டரை உடைத்துத் திறந்துவிட்டானாம், மற்றது ஞாயிற்றுக்கிழமை. பாட்டியை டாக்டரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுப்பாடம்: லைக் போட்டுவிட்டு ஓடாமல், இன்றிரவு அவரவர் வீட்டில் அண்ணாந்து பாருங்கள். எத்தனை வென்டிலேட்டர், எத்தனை அடைத்திருக்கிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள். உண்மையை எழுத வேண்டும்!