தொட்டுப் பார்க்காத டிராக்டருக்கு ஏலம் கேட்கலாமா?

நல்லம்பள்ளி செவ்வாய்ச் சந்தையில் ஓர் ஆடு வாங்க நம்மவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார்கள். முதுகில் கட்டை விரலை அழுத்திச் சதைப்பிடிப்பு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நான்கடி நடக்கவிட்டு, நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். இத்தனையும் சில ஆயிரம் ரூபாய் ஆட்டுக்கு. அதே விவசாயி, மூன்று லட்சம் ரூபாய் டிராக்டரைக் கைப்பேசியில் நான்கு படம் பார்த்துவிட்டு ஏலத்தில் எடுத்து வருகிறார்.

எனக்குப் பழக்கமான ஒரு விவசாயிக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். ராகி, நிலக்கடலை, கிணற்றில் தண்ணீர் இருந்தால் கொஞ்சம் தக்காளி. யாரோ தவணை கட்டாமல் விட்டதால் ஒரு நிதி நிறுவனம் கைப்பற்றிய டிராக்டர், இணையவழி ஏலத்துக்கு வந்தது. மூன்றே கால் லட்சத்துக்கு அவருக்கு விழுந்தது. சேலம் பக்கத்து யார்டிலிருந்து தானே ஓட்டி வந்தார். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் உறுமியதே தவிர, வண்டி ஏறவில்லை. கிளட்ச் தகடு தேய்ந்து வழுக்கியிருக்கிறது. அந்தச் செலவை அவர் பெரிதாகச் சொல்வதில்லை. பதினோரு மாதம் ஆகியும் ஆர்.சி. புத்தகம் தன் பெயருக்கு மாறவில்லையே என்பதுதான் அவர் கவலை.

இந்த ஏலங்களின் பெரிய ஆபத்து காகிதத்தில்தான் இருக்கிறது. கைப்பற்றிய வண்டி, நிதி நிறுவனத்தின் யார்டில் நின்றாலும் ஆர்.சி.யில் பெரும்பாலும் பழைய விவசாயியின் பெயரே இருக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வேண்டும். கடன் கொடுக்கும்போதே வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. ஏலத்தில் எடுத்தவர் கைக்கு வருவது அந்தக் காகிதங்கள்தான். கையெழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ, வண்டியைப் பறிகொடுத்தவர் ஆட்சேபித்தாலோ, வழக்குப் போட்டிருந்தாலோ, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கோப்பு நின்றுவிடும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 51(5) பிரிவுப்படி, தவணை தவறியதால் வண்டியைக் கைப்பற்றிய நிறுவனம், உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ, படிவம் 36-இல் விண்ணப்பித்துத் தன் பெயரில் புதிய ஆர்.சி. பெறலாம். உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பையும் கேட்ட பிறகே அது கிடைக்கும். அதற்கு நாளாகும், அலைச்சலும் உண்டு. அந்த அலைச்சலை ஏலம் எடுத்தவர் தலையில் கட்டிவிடுவது நிறுவனத்துக்குச் சுலபமாக இருக்கிறது.

“ஏலத்தில் எடுத்த வண்டிக்குத் தனிப் படிவம் இருக்கிறதாமே” என்று சிலர் கேட்கிறார்கள். படிவம் 32-ஐச் சொல்கிறார்கள். அது அரசு நடத்தும், அல்லது அரசின் சார்பில் நடத்தப்படும் பொது ஏலத்துக்கு மட்டுமே. தனியார் நிதி நிறுவனம் விடும் ஏலத்துக்குப் பொருந்தாது. பெயரில் ‘ஏலம்’ இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பெயர் மாறாத வண்டியில் என்ன நடக்கும்? காப்பீட்டில் சிக்கல் வரும். விற்பனைக்குப் பிறகு மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். ஆனால், 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வண்டிக்கான சேதக் காப்பீடு தானாக மாறாது. யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டிக்குப் பெரும்பாலும் காப்பீடே காலாவதியாகியிருக்கும். அந்த நிலையில் டிப்பர் மாட்டிச் செங்கல் ஏற்றிப் போகும்போது ஒருவர் மீது இடித்துவிட்டால், இழப்பீட்டுக்கு நிலத்தை விற்க வேண்டிவரும். விபத்து வழக்கில் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஆக, வண்டியைப் பறிகொடுத்த அந்த முகம் தெரியாத விவசாயியும் இதில் மாட்டுவார். கடனில் வண்டி போனது போதாதென்று விபத்து வழக்கும் அவர் வீட்டுக்குப் போகும்.

ஏலம் என்ற முறையிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. வண்டியைத் தொட்டுப் பார்க்காத இருபது பேர் விலை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் அதன் மதிப்பை ஊகிக்கிறார்கள். சிலர் குறைத்து ஊகிப்பார்கள், சிலர் கூட்டி. ஏலம் யாருக்கு விழும்? எல்லோரையும்விட அதிகமாகக் கூட்டி ஊகித்தவருக்கு. வென்றதற்குக் காரணமே அவர் கணக்கு பிசகியதாக இருக்கலாம். அத்தோடு விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது. பழைய கார் சந்தையில் இந்த அறியாமை என்ன செய்கிறது என்பதைத்தான் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நம் மாட்டுத் தரகர்கள் படிக்காமலேயே அறிந்த விஷயம் இது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினாலும் எதிரில் நிற்பவர் யார் என்று தெரியும். திரையில் உங்களுக்கு எதிராக ஆயிரம் ஆயிரமாக ஏற்றுபவர் யாரென்று தெரியாது. விற்பவரே தன் ஆளை வைத்து, முன்னறிவிப்பின்றி விலையேற்றினால் அந்த விற்பனையை மோசடியாகக் கருதலாம் என்று சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 64-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால், கொல்லையில் உட்கார்ந்திருக்கும் நாம் அதை எப்படி நிரூபிப்பது? ‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்ற நிபந்தனைக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு கிளட்ச் போய்விட்டது என்று சண்டை போடவும் வழியில்லை. கேட்ட விலையோடு ஏல நிறுவனத்தின் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி., நாள் தள்ளினால் யார்டு வாடகை, லாரிக் கூலி எல்லாம் சேரும். ஏலத்தில் வென்ற பிறகு வண்டி வேண்டாம் என்றால் முன்வைப்புத் தொகை போகும்.

வண்டியை நேரில் பார்ப்பதற்கு ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். ஆயில் குச்சியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கலப்பையை மாட்டித் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணையுங்கள். சில நிமிடத்தில் கலப்பை தரையைத் தொட்டால் ஹைட்ராலிக்கில் கசிவு. இடது, வலது பிரேக் இரண்டும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்பதை ஓட்டித்தான் அறிய முடியும். தொப்பூர் இறக்கத்தில் பாரத்தோடு இறங்குபவருக்கு அதன் அருமை தெரியும்.

மணி மீட்டரை நம்ப வேண்டாம். அதன் கேபிளைக் கழற்றி ஓட்டலாம், மீட்டரையே மாற்றலாம். வண்டி எந்த வேலை செய்தது என்று விசாரிப்பது அதைவிட முக்கியம். டெல்டாவில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டி என்றால், பின் அச்சு சீல்களையும் பிரேக் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் டேங்கர் இழுத்த வண்டிக்கு டயரும் கிளட்சும் போயிருக்கும்.

காகிதத்தை ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவின் காலம், காப்பீடு, கடன் பதிவு தெரியும். சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் தேய்த்துப் படித்து ஒப்பிடுங்கள். கடன் பதிவை நீக்கும் படிவம் 35 யார் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கர்நாடகப் பதிவு எண்ணாக இருந்தால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வராமல் இங்கே பதிய முடியாது. நடுவில் நிற்பது பழைய வாகன வணிகர் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் அவருக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று தேவை. அதைக் காட்டச் சொல்லுங்கள். “ராணுவத்தில் இருக்கிறேன், மாறுதலாகிவிட்டது, முன்பணம் அனுப்பினால் வண்டியை அனுப்புகிறேன்” என்று கியூஆர் குறியீடு அனுப்புபவரிடம் பேச்சே வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு வாங்குவது மலிவா என்றும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. வரிக்கு முந்தைய விலை 6 லட்சம் என்றால் 42 ஆயிரம் ரூபாய் மிச்சம். பழைய விலையை மனத்தில் வைத்து ஏலம் கேட்பவர் அங்கேயே ஏமாறுகிறார். அரசு மானியமும் புதிய இயந்திரத்துக்குத்தான்.

நான்கு ஏக்கருக்கு ஆண்டில் ஆறு உழவு, ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 24 மணி நேரம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மணிக்கு 500 ரூபாய்; மொத்தம் 12 ஆயிரம். மூன்றே கால் லட்சத்தை 15 சதவீத வட்டிக்கு வாங்கினால் முதல் ஆண்டு வட்டி மட்டும் 48,750 ரூபாய். இந்தக் கணக்கை நான் சொன்னபோது அந்த விவசாயி திருப்பிக் கேட்டார்: “சித்திரை மழை பெய்ஞ்ச மறுநாள் உங்க துறை டிராக்டர் என் கொல்லைக்கு வருமா சார்?” எனக்குப் பதில் இல்லை. மானாவாரியில் ஈரம் நான்கு நாள்தான் நிற்கும். அந்த நான்கு நாளில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். சொந்த டிராக்டர் ஆசை பேராசை அல்ல.

அதனால்தான் “ஏமாறாதீர்கள்” என்று விவசாயிக்கு மட்டும் புத்தி சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தன் பெயரில் ஆர்.சி. பெறாமல் எந்த நிதி நிறுவனமும் கைப்பற்றிய வண்டியை ஏலத்துக்கு விடக் கூடாது என்று போக்குவரத்துத் துறை விதிக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பழுதுபார்க்கத் தெரிந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். 500 அல்லது 1,000 ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழைய டிராக்டரைச் சோதித்து ஒரு பக்க அறிக்கை கொடுக்கலாமே! மண்ணைச் சோதித்து அட்டை கொடுக்கிறோம். அந்த மண்ணை உழும் இயந்திரத்துக்கும் கொடுப்பதில் என்ன தடை?

அந்த விவசாயியின் டிராக்டர் இப்போது புதிய கிளட்சோடு ஓடுகிறது. ஆனால், தன் கொல்லையைத் தாண்டி அவர் அதை வெளியே எடுப்பதில்லை. அக்கம்பக்கத்து நிலங்களில் உழுது தவணையை அடைக்கலாம் என்ற கணக்கில்தான் அதை வாங்கினார்.