ஊட்டியில் கொசு ஏது?

கோடை விடுமுறைக்கு நீலகிரி கிளம்பும் குடும்பத்தின் பெட்டியைத் திறந்தால் ஸ்வெட்டர் இருக்கும், காதை மூடும் குல்லா இருக்கும், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பயந்து வாங்கிய வாந்தி மாத்திரை இருக்கும். கொசுவிரட்டிக் களிம்பு மட்டும் இருக்காது. கேட்டால், ஊட்டியில் கொசு ஏது என்று சிரிப்பார்கள். குளிர் ஊரில் பூச்சி வாழாது, மலைக்காற்று சுத்தமானது, அப்படியே ஒன்றிரண்டு வந்தாலும் அங்கேயே விற்கும் தைலத்தைத் தடவினால் தீர்ந்தது என்பது கணக்கு. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் கிடையாது. சென்னையில் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து, மாலை ஐந்து மணிக்கே கதவைச் சாத்துகிறவர், மசினகுடியில் ஓடைக்கரை விடுதியின் திண்ணையில் அரைக்கால் சட்டையோடு இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பார். இந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் என்ன என்று தேடிப் போனால், செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒரு பழைய மருத்துவக் கொள்கையில் போய் முட்டிக்கொள்கிறோம்.

நம்பிக்கையில் உண்மை கொஞ்சம் இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ளலாம். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்ந்து உமிழ்நீருக்கு வந்து சேர வெப்பம் வேண்டும். பால்சிபாரம் வகைக் கிருமிக்கு 25 டிகிரியில் சுமார் 12 நாள் போதும். 20 டிகிரியில் நான்கு வாரம் ஆகும். 18 டிகிரியில் எட்டு வாரத்தை நெருங்கிவிடும். 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியே நின்றுபோகும். கொசுவின் ஆயுள் சில வாரங்கள்தான், ஆகவே குளிரில் கிருமி முதிர்வதற்குள் கொசு செத்துவிடுகிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் மே மாதத்துப் பகல்கூட 22, 23 டிகிரியைத் தாண்டுவது அரிது. விடியலில் 12க்கு இறங்கிவிடும். அங்கே மலேரியா நிலைகொள்ளாததற்குக் காரணம் இதுதான். ஆனால் இந்தக் கணக்கு சொல்வது எவ்வளவு குறுகலானது என்று பாருங்கள். ஒரு கிருமியைப் பற்றி, ஒரு குறிப்பிட்ட உயரத்தைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. கொசு இல்லை என்று அது சொல்லவில்லை. கடிக்காது என்றும் சொல்லவில்லை. உண்ணி, சிற்றுண்ணி போன்ற மற்றப் பூச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அடுத்து, ஊட்டிக்குப் போகிறோம் என்று சொல்கிறவர் யாரும் ஊட்டியில் மட்டும் இருப்பதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர். கல்லாறு, பர்லியார் என்று ஏறி, குன்னூரில் 1,850 மீட்டரைத் தொட்டு, அதற்கும் மேலே ஊட்டி. தாவரவியல் பூங்காவையும் தொட்டபெட்டாவையும் பார்த்து முடித்த மறுநாள் வண்டி கல்லட்டி வழியாகவோ கூடலூர் வழியாகவோ முதுமலைக்கு இறங்கும். கல்லட்டிப் பாதையில் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். உடம்பு அதை உடனே உணர்ந்துகொள்கிறது, மனசு மட்டும் இன்னும் ஊட்டியிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முக்கியமான மலேரியாக் கொசு அனோபிலிஸ் ஃப்ளூவியாடிலிஸ். அது சாக்கடையைத் தேடிப் போவதில்லை. மெல்ல ஓடும் தெளிந்த ஓடையின் புல்லடர்ந்த ஓரம்தான் அதன் தொட்டில். சுத்தமான தண்ணீர் இருக்கும் இடத்தில் கொசு இருக்காது என்று நம்புகிறவர், அறையிலிருந்தே ஓடைச் சத்தம் கேட்கும் என்று விளம்பரம் செய்யும் விடுதிக்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறார்.

இதே சரிவில்தான் ரொனால்ட் ராஸும் பாடம் படித்தார். கொசு வழியாகத்தான் மலேரியா பரவுகிறது என்று நிரூபித்து 1902இல் நோபல் பரிசு வாங்கிய அந்த இராணுவ மருத்துவர், கண்டுபிடிப்புக்கு முன் ஊட்டியைச் சுற்றிய காய்ச்சல் பகுதிகளை ஆராய வந்தார். சீகூர் கணவாய்ப் பக்கம் இறங்கியவர் தானே மலேரியாவில் விழுந்தார். சுவரில் ஒரு கொசு வழக்கத்துக்கு மாறாக உடம்பைச் சாய்வாகத் தூக்கி உட்கார்ந்திருந்ததையும், அதன் இறக்கையில் புள்ளிகள் இருந்ததையும் அவர் குறித்துக்கொண்டது அங்கேதான். செகந்தராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று நுண்ணோக்கியில் அவர் கிருமியைப் பார்த்தது அப்படிப்பட்ட புள்ளி இறக்கைக் கொசுவின் வயிற்றில். நீலகிரியின் நல்ல காற்று ராஸை விட்டுவைக்கவில்லை. நம்மை மட்டும் விட்டுவைக்கும் என்று எதை வைத்து நம்புகிறோம்?

பழைய கொள்கையில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று ஐரோப்பா பல நூற்றாண்டுகள் நம்பியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியபோதும், அதன்பின் வெள்ளைக்காரச் சிப்பாய்களை உடம்பு தேற்ற இங்கே அனுப்பியபோதும், அவர்கள் தேடி வந்தது கெட்ட காற்று எட்டாத உயரத்தை. ராஸோடு அந்தக் கொள்கை மருத்துவத்திலிருந்து போய்விட்டது, சுற்றுலாவிலிருந்து போகவில்லை. மலையின் வரலாறே அதற்கு எதிர்சாட்சி. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களில் அரசாங்கம் சின்கோனாத் தோட்டம் போட்டது குயினைனுக்காக, அதாவது மலேரியாவுக்காக. கூடலூர், பந்தலூர், தேவாலா வட்டாரம் வயநாட்டுக் காய்ச்சலுக்குப் பேர்போனது. 1880 வாக்கில் அங்கே தங்கம் தேடி ஓடி வந்த கூட்டம் தங்கத்தைவிடக் காய்ச்சலைத்தான் அதிகம் கண்டது. இன்று அங்கெல்லாம் மலேரியா அடங்கிக் கிடப்பதற்குக் காற்று காரணம் கிடையாது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், வீடு வீடாக டிடிடி அடித்த ஊழியர்களும், இரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துப் போன சுகாதாரப் பணியாளர்களும் உழைத்த உழைப்பு அது. அவர்களுக்குச் சேர வேண்டிய நன்றியை நாம் மூடுபனிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தைலத்தின் கதையும் இதே வேரில் முளைத்ததுதான். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரம் 1843 வாக்கில் நீலகிரிக்கு வந்தது, பெரும்பாலும் விறகுக்காக. அதே நூற்றாண்டில் அல்ஜீரியாவிலும் ரோமைச் சுற்றிய சதுப்பிலும் அதைக் காய்ச்சல் மரம் என்று சொல்லி வரிசை வரிசையாக நட்டார்கள். அதன் வாசனை கெட்ட காற்றைச் சுத்தம் செய்யும் என்பது நம்பிக்கை. எங்காவது பலன் கிடைத்திருந்தால் அது மரம் சதுப்புத் தண்ணீரை உறிஞ்சியதால் கிடைத்தது, வாசனையால் கிடைத்ததில்லை. சளிக்கும் மூக்கடைப்புக்கும் நீலகிரித் தைலம் நல்ல பொருள்தான். மேல்வலிக்குத் தேய்த்தால் இதமாகவும் இருக்கும். ஆனால் அதன் பெரும்பகுதியான சினியோல் தோலில் தங்காமல் சீக்கிரம் ஆவியாகிவிடுகிறது. கொசுவுக்கு எதிராக அது தரும் காவல் சொற்ப நேரத்துக்குத்தான். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. எலுமிச்சை மணம் வீசும் வேறொரு யூகலிப்டஸ் இனத்தின் இலையிலிருந்து பிஎம்டி என்ற பொருளைத் தயாரிக்கிறார்கள். அது உண்மையிலேயே மணிக்கணக்கில் வேலை செய்யும் கொசுவிரட்டி. பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் அதைப் பரிந்துரைக்கின்றன. பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஊட்டிக் கடையில் வாங்கும் பாட்டிலுக்கு அந்தச் சான்றிதழை ஒட்டிவிட முடியாது. மரம் வேறு, எண்ணெய் வேறு, சரக்கே வேறு.

கொசுவை விட்டுவிடுவோம். குளிர் ஊரில் பூச்சி வாழாது என்ற பொதுவிதி முழுசாகக் கவிழ்வது புல்லிலும் புதரிலும்தான். ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்புவது கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. தமிழ்நாட்டில் இந்த நோய் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் அதிகமாகத் தலைதூக்குகிறது; வெயிலுக்கு அது காத்திருப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தின் ஓரப் புதர், படம் எடுக்கப் பாய் விரித்து உட்காரும் புல்மேடு, கைவிட்ட வயல் எல்லாம் அது குடியிருக்கக்கூடிய இடங்கள். காட்டுப் பக்கம் உண்ணி பரப்பும் இன்னொரு நோய் இருக்கிறது. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்தபோது அடையாளம் கண்ட கியாசனூர் காட்டு நோய் அது. 2012, 2013 பருவத்தில் பந்திப்பூரை ஒட்டி அது தலைகாட்டியது; நீலகிரியில் இறந்த குரங்கின் உடலிலும் அந்த வைரஸைக் கண்டார்கள். நோய் மும்முரமாக இருக்கும் காலம் டிசம்பர் முதல் மே வரை, அதாவது நம்முடைய பொங்கல் விடுமுறையும் கோடை விடுமுறையும் அடங்கிய காலம். இதில் வேடிக்கை என்னவென்றால், சோலைக்குள் நடக்கப் போகிறவர்கள் எல்லாரும் அட்டைக்குத்தான் அலறுகிறார்கள். உப்பு, மூக்குப்பொடி, சுண்ணாம்பு என்று ஆயுதங்களோடு போகிறார்கள். அட்டை கொஞ்சம் இரத்தம் குடித்துவிட்டுத் தானே விழுந்துவிடும், நோய் எதையும் விட்டுப்போவதாகத் தெரியவில்லை. பார்த்தால் பயமாக இருப்பதும் உண்மையில் பயப்பட வேண்டியதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பூச்சிகளுக்குச் சட்டம் எதுவும் இல்லை.

ஊர்களுக்குள்ளும் கதை மாறிக்கொண்டிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களில் அல்போபிக்டஸ் என்ற இனம் குளிரைத் தாங்கக்கூடியது. மரப்பொந்தும் மூங்கில் கணுவும் அதற்குப் போதும். ஏடிஸின் முட்டை தண்ணீரில்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, ஒரு மழை பெய்ததும் பொரிக்கும். குன்னூரில் கோடை வந்தால் குடிதண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருந்து டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கிறார்கள். மூடாத டிரம் அதற்கு அரண்மனை. இந்தக் கொசு பகலில் கடிப்பது. ராத்திரி மட்டும் கொசுவர்த்தி ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று படுப்பவருக்கு இந்தத் தகவல் பிடிக்காது.

மலையிலேயே இருக்கிறவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்ற கேள்வி எப்போதும் வரும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கவனித்துப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, தலையை மூடிய துணி, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிய படுதா. ஈரத்துக்காகவும் குச்சி கீறாமல் இருக்கவும் செய்த ஏற்பாடுதான், ஆனாலும் பூச்சிக்கு அங்கே வெறும் தோல் கிடைப்பதில்லை. அவர்கள் நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறவரின் முழங்கால்தான் வெளியே இருக்கிறது. தவிர, ஒரு நோய் நிலவும் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி அமைவது உண்டு. அது விடுதி வாடகையோடு சேர்த்துக் கிடைக்காது. ரசாயனம் பூசுவதைவிட இயற்கைத் தைலம் மேல் என்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். டீட் என்ற கொசுவிரட்டியை அமெரிக்க இராணுவம் 1946இல் உருவாக்கியது. எழுபது வருடத்துக்கு மேலாகக் கோடிக்கணக்கான உடம்புகளில் பூசிப் பார்த்த பொருள். நம் குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் டெபா என்ற மாற்றையும் தந்திருக்கிறது. சொன்ன அளவில், சொன்ன வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பூசினால் இவற்றால் ஆபத்து மிகக் குறைவு. இயற்கை என்று நாம் கொஞ்சும் யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தை சில மில்லி விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். இயற்கைக்கு நம்மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது.

எல்லாவற்றையும்விட வலுவாக ஒலிக்கும் வாதம், இத்தனை தடவை போய்வந்தோம் ஒன்றும் ஆகவில்லையே என்பது. ஆகியிருந்தால் தெரிந்திருக்குமா? ஸ்க்ரப் டைபஸ், சிற்றுண்ணி கடித்த அன்றே காய்ச்சலைத் தருவதில்லை. பத்து நாள் வரை, சில சமயம் மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்கிறது. டெங்கு நான்கு முதல் பத்து நாள். மலேரியா ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். மூன்று நாள் சுற்றுலாவில் பட்ட கடி, ஊர் திரும்பி, அலுவலகம் போய், பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அப்போது பழி சென்னைச் சாக்கடைக்கும், கோயம்புத்தூர் மழைக்கும், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டிக்கும் போகும். மலை தப்பித்துவிடும். தனக்கு எதிரான சாட்சிகளை ஒவ்வொரு முறையும் வேறு ஊருக்கு அனுப்பிவிடும் நம்பிக்கை எப்படித் தோற்கும்? மருத்துவர் எங்காவது வெளியூர் போனீர்களா என்று கேட்பார். ஊட்டி என்ற பதிலைக் கேட்டதும், ஊட்டியில் கொசு ஏது என்று அவரும் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். அந்த இடத்தில் நோயாளி சொல்ல வேண்டியது ஊட்டி என்ற ஒற்றைச் சொல்லை அல்ல. மசினகுடியில் இரண்டு ராத்திரி, கூடலூர் தோட்டத்தில் ஒரு பகல், புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்ற விவரத்தை. அதைக் கேட்ட மருத்துவர் அக்குளையும் இடுப்புப் பட்டை படும் இடத்தையும் விலக்கிப் பார்ப்பார். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு அங்கே இருந்தால், டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையை அன்றைக்கே எழுதிக் கொடுக்க முடியும்.