முதலில் எல்லாரும் உட்காருங்கள், விளையாட்டைப் பிறகு பார்க்கலாம்



போன வாரம் ஒரு மாணவி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இன்று அவளுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். "டீச்சர், எங்க வீட்ல மாமனார், மாமியார், நாங்க, பிள்ளைங்கன்னு ஏழு பேர். சாப்பிடும்போது ஆளுக்கொரு செல்லை நோண்டுறாங்க. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே விளையாடற மாதிரி ஒரு விளையாட்டு சொல்லுங்க."

நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்டேன். "அந்த ஏழு பேர்ல நீயும் உட்கார்ந்திருக்கியாம்மா?"

சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் கடைசியாத்தான் டீச்சர் சாப்பிடுவேன்."

அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அவளுக்கு மட்டும் எழுத வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன். சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

செல்போன் வந்து குடும்பத்தைக் கெடுத்துவிட்டது என்று என் வயதுக்காரர்கள் தினமும் எழுதுகிறார்கள். அதையும் செல்போனில்தான் எழுதுகிறார்கள், அது போகட்டும். செல்போனுக்கு முன்னால் நாம் சாப்பிடும் இடத்தில் என்ன பேசிக் கிழித்தோம்? "சாப்பிடும்போது பேசாதே" என்று பிள்ளைகள் தலையில் குட்டினோம். நானும் விலக்கில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்து சில ஆண்டுகள் கழித்து நான் வேலையில் சேர்ந்தேன். மதியம் வராந்தாவில் தட்டோடு வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் முன்னால் பிரம்போடு நின்றவள் நான். இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்தப் பிரம்பை மறந்திருக்க மாட்டீர்கள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் பழக்கியது நாம்தான். மூடிய வாய்க்கு முன்னால் ஒரு திரை வந்து உட்கார்ந்ததும் நமக்கே பொறுக்கவில்லை.

ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் மைத்துனர் வீட்டில் கூடினோம். இருபது பேருக்கு மேல். என் மாமியாருக்கு 86 வயது, அங்கேதான் இருக்கிறார். என் மகன் சென்னையிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கி வந்திருந்தான். குடும்பம் சாப்பிடும்போது விளையாட என்றே செய்ததாம். சீட்டை எடுக்க வேண்டும், அதிலிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி முழுக்க ஆங்கிலம். முதல் பந்தியில் ஆண்களும் பிள்ளைகளும். நானும் மருமகளும் ஓரகத்தியும் பரிமாறிக்கொண்டிருந்தோம். சோற்றுக்கையோடு சீட்டை எப்படி எடுப்பது? இரண்டு சீட்டில் கொத்சு ஒட்டிக்கொண்டது. மாத்திரை போட வேண்டும் என்று அத்தைக்கு ஏழு மணிக்கே உள்ளறையில் தட்டில் கொடுத்தாகிவிட்டது. பெட்டி கால் மணி நேரத்தில் மூடப்பட்டது. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்ல" என்று முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் தீர்ப்பு வேறு சொன்னார். ரசத்தை ஊற்றிக்கொண்டே நான் அதைக் கேட்டுக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டே விளையாடியது ஒரே ஒரு காலத்தில்தான். 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, ஊரெல்லாம் மின்கம்பம் விழுந்து கிடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. அப்போது அத்தை எங்களோடு கடலூரில் இருந்தார். வீட்டில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. ஒரே பானையில் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். பரிமாற என்ன இருக்கிறது? பானையை நடுவில் வைத்து, விளக்கைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் மாமியாரும் நானும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இருட்டில் பிள்ளைகள் பயப்படக்கூடாதென்று அத்தை விடுகதை போட ஆரம்பித்தார். "எல்லாருக்கும் சோறு போடுவா, ஒரு வாய் திங்க மாட்டா. யாரு?" என் மகள் யோசிக்கவே இல்லை, "அம்மா!" என்றாள். விடை அகப்பை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை, என் தட்டில் இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினார்.

தொல்காப்பியர் விடுகதையைப் பிசி என்ற பெயரில் செய்யுள் வகைகளோடு சேர்த்தே வைத்திருக்கிறார். அவ்வளவு மதிப்புள்ள சங்கதியைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டோம். சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. ஒருவர் போடுவார், மற்றவர்கள் மென்றுகொண்டே யோசிப்பார்கள். வாயில் சோறு இருக்கும்போது பேச வேண்டிய அவசியமே இல்லை; புரை ஏறும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில். (மத்தி மீன் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் வேண்டாம். அன்றைக்கு முள்ளில்தான் கவனம் இருக்க வேண்டும்.) பாட்டுக்குப் பாட்டை நான் சேர்க்க மாட்டேன். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்தியதைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் வாயில் சோற்றோடு பாட முடியாது. பேரனின் பாட்டு ஆயாவுக்குத் தெரியாது, ஆயாவின் பாட்டு பேரனுக்குத் தெரியாது.

இன்னொரு தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டை வகுப்பில் ஆண்டுக்கணக்காக நடத்தினேன். வீட்டிலும் நடத்தினேன். அத்தைக்கு எழுத்து தெரியாது. எழுத்தை வைத்து விளையாடினால் அவர் எப்படி உள்ளே வருவார்? மேலும் நம் மொழியில் ள, ழ, ற, ன எதுவும் சொல்லுக்கு முதலில் வராது. 'மீன்' என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் முழிக்க வேண்டியதுதான்.

எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லையே பிடித்தால் போதும். மழைநீர், நீர்மோர், மோர்க்குழம்பு என்று போகலாம். சோற்றுக்கை, கைநாட்டு, நாட்டுக்கோழி, கோழிக்கால், கால்வாய், வாய்ப்பாடு. ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம், அந்தாதி அவ்வளவுதான். திருத்தொண்டர் திருவந்தாதி பாடிய நம்பியாண்டார் நம்பி நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர்க்காரர். படிக்காத ஆயாவும் இதை ஆடலாம், ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேரனும் ஆடலாம். எங்கள் பேரன் 'வாய்' வந்ததும் 'வாய்ஸ்மெயில்' என்றான். அத்தை அதை ஒத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் வழக்கு நடந்தது. காது மந்தமான மனுஷி, அந்த அரை மணி நேரமும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"பெண்கள் உட்கார்ந்துவிட்டால் யார் பரிமாறுவது?" என்று இந்நேரம் ஒருவர் கமெண்ட் எழுத ஆரம்பித்திருப்பார். பாத்திரத்தை நடுவில் வையுங்கள் ஐயா. கை நீளும். அப்பளம் கொஞ்சம் நமுத்துப் போகும், தோசை சுடச்சுட வராது. தோசை வேண்டும் என்கிற நாளில் எல்லாரும் அடுப்படிக்கு வந்து உட்காரட்டும். என் வீட்டுக்காரருக்கு உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. இப்போது நன்றாகத் தெரிகிறது.

என் மாணவிக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன். விளையாட்டு பிறகு, முதலில் உன் தட்டை எடுத்து வை. இதுவரை பதில் இல்லை. நீலக்குறி மட்டும் விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போகிறோம். அத்தைக்கு மாத்திரை ஏழு மணிக்கு என்றால் அன்று வீட்டுக்கே சாப்பாடு ஏழு மணிக்கு. ஓரகத்தியிடம் போனில் சொல்லிவிட்டேன். மைத்துனருக்குச் சீரியல் போய்விடும் என்றாள். போகட்டும்.

கீழே கமெண்டில் 'வாய்ப்பாடு' வரை வந்திருக்கிறோம். அடுத்ததை நீங்கள் சொல்லுங்கள். கை கழுவிவிட்டு டைப் பண்ணவும்.