அயர்லாந்தின் பேரனும் அரியலூரின் பேரனும்

அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் பாதியைப் பிறந்த நாட்டிலும், மறுபாதியை அயர்லாந்தின் கடலோர ஊர் ஒன்றிலும் கழிக்க அவர் விரும்புகிறார். சாதாரண அமெரிக்கராகப் போனால் 90 நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் ஓய்வுக்காலத்தை அங்கே கழிக்க வேண்டுமானால், வேலை எதுவும் செய்யாமலே ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 யூரோ வருமானம் வருகிறது என்று காட்ட வேண்டும். ஆனால் அவருடைய பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் கதையே வேறு. பாட்டியின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் பத்திரம், தம்முடைய பத்திரம் ஆகிய மூன்றையும் கோத்து, அயர்லாந்து சர்க்காரின் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். அன்று முதல் அவர் அயர்லாந்தின் பிரஜை. அமெரிக்கப் பிரஜாவுரிமையையும் விட வேண்டியதில்லை. ஐரோப்பிய யூனியனின் 27 நாடுகளிலும் குடியிருக்கும் வழியும் அவருக்குத் திறக்கிறது.

அவர் அயர்லாந்து மண்ணில் ஒரு நாளும் உழைத்தவரல்லர். அங்கே வரி கட்டியவரல்லர். அந்நாட்டு மொழி அறிந்தவராயும் இருக்க வேண்டியதில்லை. பாட்டி பிறந்தாள், பேரன் பிரஜையானான். 1956-ல் இயற்றப்பட்ட அயர்லாந்து பிரஜாவுரிமைச் சட்டத்தின் வழி இது. 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகுவதென்று வாக்களித்த பிறகு, பாட்டன் பாட்டியின் பத்திரங்களைத் தேடி எடுத்து அயர்லாந்தின் கதவைத் தட்டிய பிரிட்டிஷார் ஏராளம்.

இதைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. பாராட்டுகிறோம். ஏனெனில் அந்தப் பாட்டியை அயர்லாந்திலிருந்து விரட்டியது எது என்பதை நாம் அறிவோம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. உழுதவன் பட்டினி கிடக்க, தானியமும் கால்நடையும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அத்தனை பேர் கடல் கடந்தார்கள். அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஏழைகள் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள். விடுதலை பெற்ற அயர்லாந்து, "வயிற்றுக்காகப் போனவன் அந்நியன் அல்லன், அவன் பேரனும் நம்மவனே" என்று சட்டத்தில் எழுதி வைத்தது. ஏழையின் ஓட்டத்தை நாடு மறக்கவில்லை. இதுதான் மானமுள்ள நாட்டுக்கு அழகு.

இப்போது நம் மண்ணுக்கு வருவோம்.

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பழைய திருச்சி ஜில்லாவின் பகுதிகள். பெரம்பலூர் 1995-லும், அரியலூர் இறுதியாக 2007-லும் தனி மாவட்டங்களாயின. கங்கைகொண்ட சோழபுரம் இங்கேதான் இருக்கிறது. கடல் கடந்து கடாரம் வரை படை அனுப்பிய இராசேந்திரனின் தலைநகர் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். தட்டலாம், தவறில்லை. ஆனால் அதே ஜில்லாவிலிருந்து பிற்காலத்தில் கடல் கடந்தவன் வாளேந்திப் போகவில்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கிய கடனோடு போனான். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆள் பிடித்தவர்கள் அதிகமாக அள்ளிச் சென்ற ஜில்லாக்களில் திருச்சியும் ஒன்று. 1904-ல் துரைமார் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷனின் தலைமையகமே திருச்சியில்தான் இருந்தது என்றால், எங்கே ஆள் கிடைக்கும் என்பதை அவர்கள் எவ்வளவு கணக்காக அறிந்திருந்தார்கள் பாருங்கள்! மானாவாரி நிலம், பொய்த்த மழை, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம், தலைக்கு மேல் கடன், அதற்கும் மேல் சாதிக் கொடுமை. அயர்லாந்து ஏழையை விரட்டிய பசியேதான் நம் ஏழையையும் விரட்டியது. இரண்டு கப்பல்களும் ஒரே காரணத்தால் புறப்பட்டவை.

ஆனால் பேரன்மாருக்குக் கிடைத்தது என்ன?

1948-ல் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டமும் வம்சாவளி என்ற சொல்லைத்தான் கையாண்டது. அயர்லாந்தில் எந்தச் சொல் திறவுகோலாயிற்றோ, அதே சொல் இலங்கையில் பூட்டாயிற்று. இலங்கையில் நீ பிறந்தது போதாது. உன் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. லயத்துக் காம்பிராவில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? மலையைக் கொத்திச் செடி நட்டவன், தன் பிறப்பை எந்தக் கச்சேரியில் பதிந்தான்? தோட்டத்துக் கணக்கில் அவன் ஆளாகப் பதிவானான். சட்டத்தின் கணக்கில் ஆளே இல்லாமல் போனான். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. தீவின் செல்வத்தை முதுகுக் கூடையில் சுமந்த லட்சக்கணக்கான உழைப்பாளிகள், ஒரு பேனா முனையில் நாடற்றவர்களானார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து, 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

பிறகு 1964 வந்தது. லால் பகதூர் சாஸ்திரியை அரியலூர் நன்கு அறியும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியைத் துறந்தவர் அவர். அந்தக் கண்ணியத்தை நாம் மறுக்கவில்லை. அதே சாஸ்திரி பிரதமரான பின், 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயகாவோடு ஒப்பந்தம் செய்தார். 9,75,000 மனிதர்கள் கணக்கில் எடுக்கப்பட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பாக்கு மூட்டையைப் பங்கு போடுவதுபோல் மனிதரைப் பங்கு போட்டார்கள்! பங்கு போடப்பட்டவனிடம், "நீ எங்கே வாழ விரும்புகிறாய்?" என்று ஒப்பந்தத்துக்கு முன் யாராவது கேட்டார்களா? அவர்களுடைய தொழிற்சங்கத் தலைவர்களைக் கூடக் கலந்துகொள்ளவில்லை. ரயில் கவிழ்ந்ததற்குப் பதவி துறக்க ஒருவர் இருந்தார். லட்சக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு கவிழ்ந்ததற்குப் பொறுப்பேற்றவர் யார்?

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று குடும்பங்கள் பிளந்தன. பாட்டன் விட்டுச் சென்ற ஊரில் பேரனை அடையாளம் காண ஆளில்லை. அங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவன், இங்கே "சிலோன்காரன்" என்று ஒதுக்கப்பட்டான். 1968-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் தொடங்கி, 1976-ல் கழகமாக்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கிடைத்தது. மறுபடியும் மலை, மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்டது. கைகால் ஓய்ந்து வேலை நின்றால் வீட்டுக்கும் நாள் குறிக்கப்படும். அயர்லாந்தின் பேரன், ஓய்வுக்காலத்தில் இரண்டு நாடுகளில் எதில் இந்த மாதம் இருப்பது என்று யோசிக்கிறான். நம் பேரன், இரண்டு நாடுகளுக்கும் உழைத்த பிறகு, ஒரு கூரையேனும் மிஞ்சுமா என்று யோசிக்கிறான். வித்தியாசம் உழைப்பில் இல்லை, தோழர்களே. சட்டத்தில் இருக்கிறது.

"நம் நாட்டுச் சட்டத்தில் பேரனுக்கு இடமில்லையே, என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். இடம் இருக்கிறது! இந்திய அரசியல் சட்டத்தின் 8-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். வெளிநாட்டில் வாழும் ஒருவருடைய பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் எவரேனும் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருந்தால், அந்நாட்டிலுள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்துகொண்டு அவர் இந்தியப் பிரஜையாகலாம் என்று அது கூறுகிறது. அயர்லாந்து 1956-ல் எழுதிய நியாயத்தை நம் அரசியல் சட்டம் அதற்கு முன்பே எழுதி வைத்தது. ஏட்டில் எழுதியது லயத்து வாசலை எட்டவில்லை, அவ்வளவுதான்.

பின்னாளில், 2005-ல், வெளிநாட்டு இந்தியக் குடிமகன் என்ற அட்டையைச் சர்க்கார் கொண்டுவந்தது. பூட்டன் இந்தியாவில் பிறந்திருந்தாலும் அட்டை உண்டு. ஆயுள் முழுவதும் விசா உண்டு. வாக்கில்லை, விவசாய நிலம் வாங்க முடியாது என்றாலும், அமெரிக்க டாக்டரும் லண்டன் வியாபாரியும் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று முதுமையைக் கழிக்க அது போதும். மொரீஷியசில் உள்ளவர்களுக்கு ஏழாவது தலைமுறை வரை அந்த அட்டை என்று 2024-ல் அறிவித்தார்கள். நல்லதே. ஆனால் இந்த அட்டைக்கு ஒரு நிபந்தனை உண்டு: விண்ணப்பிப்பவர் ஏதாவது ஓர் அந்நிய நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும். எந்த நாடும் இல்லாதவனுக்கு இந்த அட்டையும் இல்லை! சோறு உள்ளவனுக்கு விருந்து. பட்டினி கிடப்பவனுக்குப் பந்தியில் இடமில்லை. இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

1983-க்குப் பிறகு, இனக்கலவரத்துக்கும் போருக்கும் தப்பி ஓடி வந்தவர்களில் மலையகத் தமிழரும் கலந்திருந்தார்கள். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் உள்ளவர்களில், பாட்டன் இதே தமிழ் மண்ணில் பிறந்தவன் என்று கூறுவோர் உண்டு. பாட்டன் புறப்பட்ட ஜில்லாவில் பேரன் அகதி! அவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய சர்க்கார் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பாகிஸ்தான், பங்களாதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயர் அதில் இருந்தது. இலங்கையின் பெயர் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை என்று 2022-ல் உயர்நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளைகளின் கதி? 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு, பாஸ்போர்ட் இல்லாமைக்கான தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விலக்கு அளித்தது. வரவேற்கிறோம். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

"இலங்கை 2003-ல் சட்டம் இயற்றி, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை அளித்துவிட்டதே, அவர்கள் அங்கே திரும்பலாமே" என்று ஒரு வாதம் உண்டு. அச்சட்டம் நல்ல சட்டம். காலம் கடந்து வந்தாலும் நியாயம் நியாயந்தான். திரும்ப விரும்புவோர் மரியாதையோடு திரும்பட்டும். இன்னொரு வாதமும் உண்டு: இங்கே பிரஜாவுரிமை கொடுத்தால், வடக்கிலும் கிழக்கிலும் காணி பூமி உள்ள ஈழத்தமிழர் தம் உரிமையை இழக்க நேரிடும் என்பது. அது கவலைக்குரிய வாதம், தள்ளிவிட மாட்டோம். ஆகவேதான் எவர் தலையிலும் எதையும் கட்டச் சொல்லவில்லை நாம். 1964-ல் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போதாவது கேளுங்கள் என்கிறோம். போக விரும்புவோர் போகட்டும். இருக்க விரும்புவோர் பிரஜையாகட்டும். முடிவு அவர்கள் கையில் இருக்கட்டும்.

இது முகாமிலுள்ளவர் பிரச்சினை மட்டுமன்று. இன்று பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து இளைஞன் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறான். அங்கே அவன் கட்டும் மாடியில் அவனுக்கு முதுமை இல்லை. விசா ரத்தானால் பெட்டியோடு ஊர் திரும்ப வேண்டும். கேரளம் 2008-ல் சட்டம் இயற்றி, வெளிநாட்டில் உழைப்பவர் சந்தா கட்டினால் முதுமையில் ஓய்வூதியம் பெற வழி செய்தது. கடல் கடந்து உழைத்தவனின் முதுமைக்கு அவன் நாடு பொறுப்பு என்ற கொள்கை அதில் இருக்கிறது. அந்தக் கொள்கைதான் நாம் வேண்டுவது.

நம் கோரிக்கை மூன்று. முகாமிலுள்ள இந்திய வம்சாவளியினருக்கு, 8-வது பிரிவின் நியாயத்தை ஒட்டி, விரும்பினால் பிரஜாவுரிமை. இம்மண்ணில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு, தேதி பார்க்காமல் அதே உரிமை. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தாயகம் திரும்பியோருக்கு, வேலை முடிந்தாலும் பறிபோகாத வீடும் பட்டாவும்.

தோழர்களுக்கும் வேலை உண்டு. பேரன் கையில் பத்திரம் இல்லை. பாட்டனின் ஊரில் சுவடு இருக்கக்கூடும். பழைய நிலப் பத்திரம், தாலுகாக் கச்சேரிக் கணக்கு, சிலோனிலிருந்து வந்த கடிதம், கோயில் திருப்பணிக்குப் பணம் அனுப்பிய ரசீது, ஊர்ப் பெரியவர் வாய்மொழி ஆகியவற்றைத் தேடுங்கள். முகாமுக்குச் சென்று, "உங்கள் பாட்டன் எந்த ஊர்?" என்று கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் துணை நில்லுங்கள்.

பாட்டி பிறந்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காக அயர்லாந்து அந்நியனுக்கும் கதவு திறக்கிறது. நம் நாடு, வாசலிலேயே பல பத்தாண்டுகளாக நிற்கும் சொந்தப் பேரனை, "நீ யார்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்கேள்விக்குப் பதில் நம் ஊர்க் கணக்குகளில் இருக்கிறது. எடுத்துக் காட்டுவோம்.