துணி ஒருவருடையது, தையல் வேறொருவருடையது

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ் போட்டிருக்கிறீர்களா? ஏதேனும் ஒரு புரோகிராமின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு சிறு கோடு இருக்கும். கோட்டிற்கு முன்னால் இருப்பது, புரோகிராமை எழுதியவர் கொடுத்த எண். பின்னால் இருப்பது, அதனை பேக்கேஜ் ஆக்கி உங்களுக்கு அனுப்பியவர்கள் சேர்த்த எண். இந்தக் கோடு எண்ணில் மட்டும் இருந்தால் போதாது. பைல்களிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

புரோகிராமை எழுதியவர் தன் சோர்ஸ் கோடை ஒரு கட்டாகச் சுருக்கி வெளியிடுகிறார். டெபியன்காரர்கள் அதனுடன் 'டெபியன்' என்ற பெயரில் ஒரு போல்டரைச் சேர்க்கிறார்கள். எப்படி கம்பைல் செய்வது, கூடவே எந்தப் பேக்கேஜ்கள் வேண்டும், இன்ஸ்டால் ஆனபின் என்ன இயங்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தேவைப்பட்டால் சோர்ஸ் கோடிலும் கை வைப்பார்கள். மில் துணியைத் தையல்காரர் சட்டையாக்குவது போலத்தான். சட்டை வீணானால், துணி கிழிந்ததா, தையல் விட்டதா என்று பார்த்தவுடன் தெரிய வேண்டாமா?

தெரியாமல் போனதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் கதையே சாட்சி. இணையத்தில் ரகசியச் சாவிகளை உருவாக்கப் பயன்படும் புரோகிராம் இது. சாவி பாதுகாப்பாக இருக்க, யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். சோதனை செய்திடும் ஒரு டூல், நினைவகத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றைக் காட்டியது. அதனை நிறுத்துவதற்காக டெபியன் பேக்கேஜில் இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்தார்கள். அவற்றில் ஒன்று, ஊகிக்க முடியாத தகவல்களைச் சேர்க்கும் வரி! மிஞ்சியது கம்ப்யூட்டர் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தரும் பிராசஸ் எண் மட்டும். அதிகபட்சம் 32,768 எண்கள். ஒவ்வொரு வகைச் சாவிக்கும் அத்தனை சாவிகள்தான் சாத்தியம். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு திறந்து பார்த்துவிடலாம்.

இந்த 0.9.8சி-1 பேக்கேஜ் 2006 செப்டம்பர் 17 அன்று வந்தது. டெபியனைச் சேர்ந்த லூசியானோ பெல்லோதான் பிழையைக் கண்டுபிடித்தார். அறிவிப்பு வெளியானது 2008 மே 13-ல். இருபது மாதம்! உபுண்டுவும் தப்பவில்லை. புதிய பேக்கேஜைப் போட்டால் மட்டும் போதவில்லை, இடையில் உருவாக்கிய சாவிகளையெல்லாம் தூக்கி எறிய வேண்டியிருந்தது. அப்போதைய டெபியன் 4.0-க்குத் திருத்தமாக வந்தது 0.9.8சி-4எட்ச்3. கவனியுங்கள், கோட்டிற்கு முன்னால் எதுவும் மாறவில்லை. மூல 0.9.8சி-யில் இந்தப் பிழை இல்லை, தையலில்தான் இருந்தது.

அன்றைய முறையில், டெபியன் செய்த மாற்றங்களும் பேக்கேஜ் செய்வதற்கான பைல்களும் ஒரே டிஃப் பைலில் கலந்து கிடந்தன. தனித்தனியாக வைத்திருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வரி மாற்றம், இன்ன காரணத்திற்காக என்ற குறிப்புடன் தனி பேட்ச் ஆக இருந்திருந்தால், மூல ஆசிரியர்களில் ஒருவராவது படித்துப் பதறியிருக்க வாய்ப்பு உண்டு.

எதிர்ப்பக்கக் கலப்படமும் உண்டு. புரோகிராமை எழுதியவரே தன் கட்டுக்குள் ஒரு 'டெபியன்' போல்டரை வைத்துவிடுவார். நல்லெண்ணம்தான், பயனாளர் உடனே இன்ஸ்டால் செய்யட்டும் என்று. படம் பார்க்கும் சிறிய புரோகிராம் ஒன்றை ஒருமுறை சோர்ஸிலிருந்து நானே பேக்கேஜ் ஆக்கினேன். மெனுவில் அது இரண்டு முறை வந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனபின்தான் காரணம் பிடிபட்டது. ஆசிரியர் எப்போதோ வைத்த பழைய மெனு பைல் அந்தப் போல்டரில் இருந்தது. பழைய முறையில் டிஃப் பைலால் ஒரு பைலைத் திருத்த முடியும், சேர்க்க முடியும், நீக்க முடியாது. ஆகவே பேக்கேஜ் செய்தவர் வேண்டாம் என்று நினைத்த பைலும் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. யாரைத் திட்டுவது?

பின்னர் வந்த '3.0 குவில்ட்' என்ற முறை இந்த இரண்டையும் சரி செய்தது. 2011-ல் வெளியான டெபியன் 6-லேயே பல பேக்கேஜ்கள் இதற்கு மாறியிருந்தன. இதில் மூலக் கட்டைத் தொடுவதில்லை. டெபியனின் பைல்கள் தனிக் கட்டில் வரும். மூலக் கட்டில் 'டெபியன்' போல்டர் இருந்தால், அதனை நீக்கிவிட்டுத் தங்களுடையதை வைத்துக்கொள்ளும். சோர்ஸ் கோடில் செய்த திருத்தங்கள் பேட்ச் பைல்களாக அதற்குள் தனியே இருக்கும்.

அப்படியிருந்தும் சில ஆசிரியர்கள் அந்தப் போல்டரை மூலக் கட்டுக்குள் வைப்பதை விடவில்லை. தனிக் கட்டாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

உங்கள் புரோகிராம் தகராறு செய்தால், கோட்டிற்குப் பின்னால் 'உபுண்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டெபியன் தைத்ததை உபுண்டு மறுபடி பிரித்துத் தைத்திருக்கிறது என்று பொருள். புகாரை முதலில் அங்கே அனுப்புங்கள்.