ஃபெரட் வளர்க்க என்னென்ன வேண்டும்? - ஒரு வரவு செலவுக் கணக்கு

மட்டாஞ்சேரியில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடினால் ரயில் டிக்கெட், வீட்டு வாடகை, பிள்ளைக்குத் தமிழ் எழுத வரவில்லை என்ற கவலை, இவ்வளவுதான் பேச்சு. இப்போது புதிதாக ஒன்று: பிள்ளைகள் ஃபெரட் கேட்கிறார்கள். எல்லாம் கைபேசி வீடியோ உபயம். எட்டாவது படிக்கும் என் மகள் சாமான் பட்டியலே போட்டு நீட்டிவிட்டாள். கூண்டு, ஊஞ்சல் துணி, மண் தட்டு, தண்ணீர் பாட்டில், பொம்மை. அவ்வளவுதானாம்.

தெரியாதவர்களுக்கு: ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து, முயல் பிடிப்பதற்காக 2000 வருடங்களுக்கும் மேலாக மனிதன் பழக்கி வந்தது ஃபெரட். பார்க்கக் கீரி சாயல். சிலர் மரநாய் என்கிறார்கள், அது வேறு. கீரியும் மரநாயும் நம்ம ஊர்க் காட்டு விலங்குகள். 1972-ம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கவே கூடாது. "இதுவும் அதே மாதிரிதான் சார்" என்று யாராவது விற்க வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பேங்கில் லோன் கேட்டு வருபவரிடம் முன்பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மாதாமாதம் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். மகளின் பட்டியலில் இருப்பது முன்பணம் மட்டும். தவணை எங்கே?

1. சாப்பாடு: இது சுத்த அசைவம். நாய் தயிர்சாதத்தில் காலம் தள்ளும், இது தள்ளாது. தானியமும் நாரும் இதற்குச் செரிக்காது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் இறைச்சியோ கொழுப்பும் புரதமும் மிகுந்த தீவனமோ எப்போதும் இருக்க வேண்டும். சைவ வீடுகளில் யார் கோழி நறுக்குவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள் :-)

2. குளிர்ச்சி: இதுதான் பெரிய செலவு. ஃபெரட்டுக்கு வியர்க்காது. 27 டிகிரியைத் தாண்டினாலே திணறும், 30-க்கு மேல் உயிருக்கு ஆபத்து. கொச்சியில் மார்ச் முதல் மே வரை பகலில் 32, 33. இரவிலும் பெரிதாக இறங்காது, புழுக்கம் வேறு. ஆக, நாம் ஆபீஸ் போன பிறகும் ஏசி ஓட வேண்டும். இங்கே கே.எஸ்.இ.பி. பில்லில் மாதம் 250 யூனிட் வரைதான் படிப்படியான ரேட். தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த ரேட். மழையில் கரண்ட் போனால்? இன்வெர்ட்டரில் ஃபேன்தான் சுற்றும்.

3. டாக்டர்: டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் வந்தால் அநேகமாகப் பிழைக்காது. நம்ம தெரு நாய்களைச் சொல்ல வேண்டியதில்லை, கிருமி செருப்போடும் உள்ளே வரும். நாய்த் தடுப்பூசி எதையாவது போடவும் முடியாது, சிலவகை ஊசியே அந்த நோயைக் கொடுத்துவிடும். பெண் ஃபெரட்டுக்கு இணையும் சேராமல், கருத்தடையும் செய்யாமல் விட்டால் ரத்தசோகை வந்து சாகலாம். நம்ம ஃப்ளூவும் அதற்குத் தொற்றும். 1933-ல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே ஃபெரட்டை வைத்துத்தான். நாய், பூனை, மாடு பார்க்கிற டாக்டர் எல்லோருக்கும் இது பழக்கமில்லை. பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்த பிறகுதான் கூண்டு வாங்குவதைப் பற்றியே பேச வேண்டும்.

4. நேரம்: ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். மிச்ச நேரம் வெளியே ஓட விட வேண்டும். செருப்பு, அழிரப்பர், ரிமோட் பட்டன் என்று ரப்பரைக் கடித்து விழுங்கும். குடல் அடைத்தால் ஆபரேஷன்தான்.

5. ஆயுள்: ஆறிலிருந்து எட்டு வருடம். மூன்று வருடத்துக்கு ஒரு டிரான்ஸ்பர் என்று வைத்தாலும், அதன் ஆயுளுக்குள் எனக்கு இரண்டு ஊர் மாறிவிடும். தீபாவளிக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? வெளியூர்க்காரர்களான நமக்கு இங்கே பாட்டி வீடு இல்லையே.

என் கருத்து இதுதான்: கொச்சியில் வாடகை வீட்டில் இருக்கும் நமக்கு ஃபெரட் வேண்டாம். பணம் இருந்தாலும் வேண்டாம். ஏசி நின்றுபோன ஒரு மதியம் போதும், அந்த ஜீவன் போய்விடும். நம் பிள்ளையின் ஆசைக்கு அது ஏன் அந்த விலை கொடுக்க வேண்டும்?

பிள்ளைகளிடம் "வேண்டாம்" என்று அதட்டாமல் இந்தக் கணக்கை உட்கார வைத்துச் சொல்லுங்கள். என் மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மூன்றாம் நாள் கரண்ட் கேள்விக்குப் பதில் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள். மிளகு, இஞ்சி குடோன் பக்கம் போனால் பூனைக்குட்டிக்கா பஞ்சம்? மத்தித் தலை போட்டால் தின்னும், இந்த வெயிலில் பிறந்தது, தாங்கும். தடுப்பூசியும் கருத்தடையும் மட்டும் தவறாமல் செய்துவிடுங்கள்.

கொசுறு: ஏற்கனவே ஃபெரட் வைத்திருப்பவர்களுக்கு: வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ துவண்டு படுத்தாலோ சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். ஐஸ் வேண்டாம். சாதாரணத் தண்ணீரால் பாதத்தையும் வயிற்றையும் நனைத்து, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.