மோட்டாருக்கு முன்னால் பிரேக்

ஆடி பிறந்துவிட்டால் உடுமலைப்பேட்டைப் பக்கம் சைக்கிள் ஓட்டுவது பெரும்பாடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கிழக்கே போகிறவரைத் தள்ளிக்கொண்டு போகும். மேற்கே போகிறவரை இறங்கி உருட்ட வைத்துவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிற ஆளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, முட்டி சொல்லிவிடும். எங்கள் பெரியப்பாவின் முட்டியும் அப்படித்தான் தேய்ந்தது. ஸ்கூட்டர் பழக அவருக்கு மனமில்லை. சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்தது. சந்தை, டீக்கடை, கூட்டாளிகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சைக்கிள் நின்றதைவிட, அவர் வீட்டோடு முடங்கியதுதான் எங்களை வருத்தியது.

அந்தச் சைக்கிளுக்கு மின்சாரக் கிட் மாட்டியபோது தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். சக்கரத்தின் நடுவில் உட்காரும் 250 வாட் ஹப் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர், ஹேண்டில்பாரில் ஆக்சிலரேட்டர், பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் லீவர்கள், பேட்டரி, சார்ஜர். கிட் என்பது இவ்வளவுதான். விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே போய்விடும். சாதாரண மனிதர் விடாமல் பெடல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை சக்தி தரலாம். அதோடு 250 வாட் சேரும்போது எதிர்காற்றில் முட்டிக்குக் கிடைக்கும் ஆறுதலை நினைத்துப் பாருங்கள். இது புதிய சரக்கும் அல்ல. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர், பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895 டிசம்பர் 31-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அவருக்கு வாய்க்காதது இன்றைய லித்தியம் பேட்டரி.

கிட் விற்பவர்களின் வீடியோக்களில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வயர் பிரேக்கும் 26 அங்குலச் சக்கரமும் உள்ள புதுச் சைக்கிள் என்றால் அது ஓரளவு உண்மைதான். ஆனால் நம் ஊரில் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் ஓட்டுவது 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உள்ள பழைய இரும்பு வண்டியை. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பெரியப்பாவின் வண்டியை நாற்பது வருடமாக ஓவராயில் பார்க்கிற மெக்கானிக் அண்ணன், பெட்டியைப் பிரித்ததும் மோட்டாரைக் கையில் எடுத்து ஓட்டைகளை எண்ணினார். “தம்பி, இதப் பாருங்க. நம்ம வண்டியில முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி, பின்சக்கரத்துக்கு நாப்பது. இதுல முப்பத்தாறு ஓட்டை இருக்குது. எந்த ரிம்முல கோக்கறதுங்க?”

26 அங்குல ரிம்மில் கோத்த சக்கரத்தை வாங்கி அப்படியே மாட்டிவிடலாமே என்று கேட்டேன். அவர் டேப்பை எடுத்து வைத்துக் காட்டினார். அந்தச் சக்கரத்தை இந்தப் போர்க்கில் மாட்டினால் ரிம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் உள்ளே போய்விடுகிறது. பிரேக் கட்டை அந்தரத்தில் தொங்கும். மோட்டார் ஓடும், முன்பிரேக் இருக்காது. அப்படி மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களை நானே சாலையில் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் கோயம்புத்தூரில் சொல்லிவைத்து 36 ஓட்டை உள்ள 28 அங்குல ரிம் ஒன்றை வரவழைத்தார். மோட்டாரின் உடல் பருமனாக இருப்பதால் கம்பி நீளம் குறைய வேண்டும். ஒவ்வொரு கம்பியையும் அளவாக வெட்டி, நுனியில் மரை போட்டு, கோத்து, கோட்டம் எடுத்தார். மோட்டார் அச்சு போர்க்கின் வாயில் இறங்கவில்லை. அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினார். பிறகு பட்டை இரும்பில் அச்சின் தட்டையான பக்கத்துக்கு அளவாக ஒரு பூட்டு வெட்டி, போர்க்கோடு சேர்த்து முடுக்கினார். டார்க் ஆர்ம் என்பது இதுதான். மோட்டார் சக்கரத்தை முன்னால் சுழற்றும்போது அச்சு அதே விசையோடு பின்னால் திரும்பப் பார்க்கும். நட்டை மட்டும் நம்பினால் ஒருநாள் அது தளர்ந்து, அச்சு சுழன்று, வயர் அறுந்து, சக்கரமே கழன்று வரலாம். இந்தப் பூட்டைத் தராத கிட்டை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது கட்-ஆஃப். கிட்டில் வரும் லீவர் வயர் பிரேக்குக்கானது. கம்பி பிரேக்கோடு சேராது. பைக்கில் பின்பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கை எரியவைக்கும் ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கிறதே, அதில் இரண்டு வாங்கி முன்பிரேக் கம்பியில் ஒன்றும் பின்பிரேக் கம்பியில் ஒன்றுமாகக் கட்டினார். லீவரைத் தொட்ட மாத்திரத்தில் மோட்டார் ஓய்ந்துவிடுகிறது. ஒரு பெரிய கம்பெனியின் வரைபடத்தில் இருந்திருக்க வேண்டிய யோசனை, பஞ்சர் ஒட்டும் கடையில் பிறந்தது. பெரியப்பா ஏறி உட்காருவதற்கு முன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஓடறது கெடக்கட்டும் கண்ணு, நிக்குமா?”

பேட்டரி விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் சமாதானம் ஆகவில்லை, அதுவும் சரிதான். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் கிடந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அதனால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைத் தேர்ந்தெடுத்தோம். 3.2 வோல்ட் செல்கள் 12 வரிசையாக, 38.4 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. எடை சற்றுக் கூடுதல், பரவாயில்லை. அதற்கென்று வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் அதைத் தொடாது. பகலில், ஆள் விழித்திருக்கும்போது, திண்ணையில்தான் சார்ஜ். வெயிலில் ஓட்டி வந்த கையோடு போடுவதில்லை. படுக்கிற அறையிலும் வாசலை மறித்தும் வைப்பதே இல்லை.

ஒரு முழு சார்ஜுக்கு அரை யூனிட்கூட ஆகாது. இரண்டு மாதம் தினமும் முழுதாக ஏற்றினாலும் 30 யூனிட்டைத் தாண்டாது; வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலம் இது. கூடவே பெடலும் மிதித்தால் 25 கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, பிரேக்கும் பிரதிபலிப்பானும் சரியாக இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகள் இதை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவும் உரிமமும் தேவையில்லை. 500 வாட், 40 கிலோமீட்டர் வேகம் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் போகாதீர்கள். சட்டத்தை விடுங்கள், கம்பி பிரேக் அந்த வேகத்தைத் தாங்காது.

இந்தக் கிட்டால் உண்மையில் பிழைப்பு மாறக்கூடியவர்கள் பால்காரர், பூக்காரர், கேனில் டீ விற்பவர், சாணை பிடிப்பவர். அவர்கள் வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி 28 அங்குல ரிம்மில் கோத்த மோட்டாரையும் கம்பி பிரேக்குக்கான சுவிட்சையும் ஒரே பெட்டியில் தருவது கம்பெனிகளுக்கு முடியாத காரியம் அல்ல. சைக்கிள் கடைக்காரர்களுக்கு ஐ.டி.ஐ.களில் ஒரு வாரப் பயிற்சி கொடுப்பது அரசுக்கும் பெரிய செலவல்ல. பஞ்சர் காசில் காலம் தள்ளும் அந்தக் கடைகளுக்கு இது புது வருமானம். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தந்த இலவச சைக்கிள்கள் எத்தனை வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கின்றன! அவற்றுக்கும் இந்தக் கடைகள் உயிர் கொடுக்கும்.

உங்கள் வீட்டிலும் முட்டி வலியால் சைக்கிளை ஓரம் கட்டிய பெரியவர் இருந்தால், கிட்டுக்கு இன்றைக்கே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். முதலில் சைக்கிளைத் தெருமுனைக் கடைக்கு உருட்டிக்கொண்டு போங்கள். ரிம்மின் அளவு, கம்பி எண்ணிக்கை, போர்க்கின் அகலம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். பிரேக் கட்டை நான்கையும் மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கிட்டைத் தேடலாம்.